செல்லத்தாயின் சங்குசக்கர மோதிரம்

ஏழாயிரம்பண்ணைப் பக்கம் போய்ச் செல்லத்தாய் வீடு எது என்று கேட்டால், எந்தச் செல்லத்தாய் என்பார்கள். அங்கே தெருவுக்கு இரண்டு செல்லத்தாய் உண்டு. பிறகு அவர்களே, "முலாம் செல்லத்தாயா?" என்று கேட்டுவிட்டுச் சிரித்துக்கொண்டே வழி காட்டுவார்கள். தங்கம் என்று சொல்லி முலாம் பூசின மோதிரத்தை மாப்பிள்ளை விரலில் மாட்டி ஏமாற்றப் பார்த்தவள் என்று அதற்கு அர்த்தம். மூன்று வருஷமாக அந்தப் பெண் இந்தப் பெயரைச் சுமந்துகொண்டு தினமும் காலையில் வேன் ஏறிப் பட்டாசு வேலைக்குப் போய் வருகிறாள்.

அது பச்சைப் பொய். பொய் என்று தெரிந்தவர்கள் ஆறேழு பேர்தான். அதில் நான் ஒருத்தன். என் பெயர் கனகசபாபதி. சாத்தூரில் மெயின் ரோட்டுக்குப் பின்னால் இருக்கிற சந்தில் நகைப் பட்டறை வைத்திருக்கிறேன். அந்த மோதிரத்தைச் செய்தவன் நான்தான். இதைப் படிக்கிறவர்கள் என்னை நல்லவன் என்று நினைத்துக்கொண்டு படிக்க வேண்டாம். முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

செல்லத்தாயின் அப்பா வேலுச்சாமி கூலிக்கு வெள்ளாமை பார்த்தவர். மழை பொய்த்துப் பொய்த்து, காட்டு வேலை வருஷத்தில் நாலு மாதம்கூட இல்லை என்று ஆனபோது, அவரும் ஊரோடு சேர்ந்து பட்டாசுக்குப் போய்விட்டார். அம்மாக்காரி ஏதோ காய்ச்சலில் செத்தபோது செல்லத்தாய்க்கு ஒன்பது வயது. பதினொன்றில் அவளைத் தீப்பெட்டி ஆபீசுக்கு அனுப்பினார்கள். எங்கள் பக்கம் தொழிற்சாலை என்று யாரும் சொல்லமாட்டார்கள், எல்லாமே ஆபீஸ்தான். பெரிய உத்தியோகம் போல இருக்கும். கந்தகத்திலும் அலுமினியப் பொடியிலும் குளித்துவிட்டு, பல் மட்டும் வெள்ளையாகத் தெரிய வீட்டுக்கு வருகிற வேலைக்குப் பெயர் ஆபீஸ் வேலை.

தீப்பெட்டியில் குச்சி அடுக்கினாள். பதினேழு வயதில் பட்டாசுக்கு மாறி, சங்குசக்கரம் சுற்றுகிற ஷெட்டில் உட்கார்ந்தாள். மருந்து அடைத்த நீளமான காகிதக் குழாயை நடுவில் ஒரு சின்ன வில்லையை வைத்து, சுருள் சுருளாகச் சுற்றிப் பசை தடவி ஒட்ட வேண்டும். இவள் இடதுகைக்காரி. மற்றப் பெண்கள் எல்லாம் கடிகார முள் போகிற பக்கம் சுற்றுவார்கள். இவளுக்கு எதிர்ப்பக்கம்தான் வரும். சூப்பர்வைசர் திட்டிப் பார்த்தான், கையில் தட்டிப் பார்த்தான், வரவில்லை. கடைசியில் பற்றவைத்துப் பார்த்தான். சக்கரம் ஜோராகச் சுற்றியது, ஆனால் எதிர்ப்பக்கமாக. "சுத்துதுல்ல, விடு" என்று போய்விட்டான். தீபாவளிக்கு உங்கள் வீட்டு வாசலில் ஒரே ஒரு சக்கரம் மட்டும் கோணல்புத்தியாக எதிர்ப்பக்கம் சுற்றியிருந்தால், அது அனேகமாகச் செல்லத்தாய் சுற்றினதுதான்.

எனக்கு அவளைப் பழக்கம் ஆனது கொலுசால். கந்தகத்தில் வேலை பார்க்கிற பெண்களின் வெள்ளி நகை கன்னங்கரேலென்று ஆகிவிடும். சிவகாசி, சாத்தூர் வட்டாரத்தில் இது பிறந்த பிள்ளைக்கும் தெரியும். கொலுசு கழுவ வருகிறவர்களைப் பார்த்தே மருந்து ஷெட்டா, பெட்டி ஒட்டுகிற வேலையா என்று சொல்லிவிடுவேன். அப்படிக் கழுவ வந்தவள்தான், ஒரு தீபாவளி போனஸ் முடிந்த மறுநாள் வந்து, "அண்ணாச்சி, ஒரு கிராம்ல தங்கக்காசு இருக்கா?" என்று கேட்டாள்.

எடுத்துக் கொடுத்தேன். வாங்கிப் பார்த்துவிட்டு, "கல்லுல ஒரசிக் காட்டுங்க" என்றாள்.

எனக்குச் சுருக்கென்று வந்தது. "ஏத்தா, நான் விக்கிற காசை நானே ஒரசிக் காட்டணுமா? எங்க தாத்தா காலத்துல இருந்து இந்தச் சந்துல கடை இருக்கு."

"உங்க தாத்தாவ நான் என்ன கண்டேன்? ஒரசுங்க."

உரசிக் காட்டினேன். கல்லில் விழுந்த மஞ்சள் கோட்டைக் குனிந்து பார்த்துவிட்டு, திருப்தியாகத் தலையை ஆட்டி முந்தானையில் முடிந்துகொண்டு போனாள். அதற்கப்புறம் ஒவ்வொரு தீபாவளிக்கு மறுநாளும் இதே கூத்துதான். போனஸில் புடவை எடுக்கிறார்களோ இல்லையோ, அவளுக்கு ஒரு காசு. எட்டு வருஷம், எட்டுக் காசு. எட்டையும் என் கையால் எடுத்து, என் கையால் உரசி, என் கையால் கொடுத்திருக்கிறேன். அந்தத் தங்கத்தின் சுத்தத்துக்கு என்னைவிடப் பெரிய சாட்சி இந்த உலகத்தில் கிடையாது. இதை நன்றாக ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாயிரத்து ஆறு ஆனி மாதம், எட்டுக் காசையும் ஒரு மல்லித்தூள் டப்பாவில் போட்டுக் கொண்டுவந்து என் முன்னால் கவிழ்த்தாள். முகமெல்லாம் சிரிப்பு. அவளுக்கு அப்போது வயது இருபத்தேழு. எங்கள் பக்கத்தில் இருபத்தேழு வயதுப் பெண்ணைக் கல்யாணப் பேச்சில் யாரும் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள். அவளும் மனசை விட்டிருந்தாள். அப்படியிருக்கும்போது ஆபீஸ் வேன் ஓட்டுகிற ஜெயச்சந்திரன் கேட்டிருக்கிறான். நாலு வருஷமாகத் தினமும் அவள் ஏறி இறங்குகிற வேன். டிரைவர் சீட்டுக்குப் பின் சீட்டை அவளுக்கென்று பிடித்து வைப்பானாம். ஒருநாள் அவளுக்குக் காய்ச்சல் என்று ஊர் எல்லையில் கால் மணி நேரம் வேனை நிறுத்திக் காத்திருந்து முதலாளியிடம் திட்டு வாங்கினானாம். இதையெல்லாம் நான் கேட்காமலே அவள் என்னிடம் சொன்னாள். கேட்டுக்கொண்டிருந்த என் மகள் கீர்த்திகா காபி போட்டுக் கொண்டுவந்து கொடுத்தாள்.

நிச்சயத்தில் மோதிரம் மாற்றிக்கொள்வது இவர்கள் வழக்கம் கிடையாது. வெற்றிலை மாற்றிப் பரிசம் போட்டால் முடிந்தது. டிவி வீட்டுக்கு வீடு வந்த பிறகு இதுவும் வந்துவிட்டது. மாப்பிள்ளை வீட்டில் பெண்ணுக்கு ஒரு சின்ன மோதிரம் போடுவதாகச் சொல்லியிருந்தார்கள். இவள் மாப்பிள்ளைக்கு ஒரு பவுனில் போட வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தாள். அதுவும் கடையில் தொங்குகிற மாடல் எதுவும் பிடிக்கவில்லை.

"சங்குசக்கரம் மாதிரி வேணும் அண்ணாச்சி. மேல மூணு சுத்துச் சுத்தி இருக்கணும். வேற ஒருத்தர் கையிலயும் இருக்கக் கூடாது."

பழைய பில் புத்தகத்தில் ஒரு தாளைக் கிழித்து, நீளமாக மடித்து, கண் மூடித் திறப்பதற்குள் சுற்றிக் காட்டினாள். அவள் கை வேலையை அன்றைக்குத்தான் பார்த்தேன். விரல் போவது தெரியவில்லை, சுருள் மட்டும் தெரிந்தது. அந்தத் தாள் சக்கரத்தை மாதிரிக்கு வைத்துக்கொண்டேன்.

மாப்பிள்ளை விரல் அளவுக்கு ஒரு நூலில் முடிச்சுப் போட்டுக் கொண்டுவந்திருந்தாள். நூல் இழுத்தால் நீளும், இது சரிவராது, ஆளை அனுப்பு என்றேன். அடுத்த நாள் ஜெயச்சந்திரன் வந்தான். சட்டைப் பையில் சீப்பு, வாயில் பாக்கு, மரியாதையான பேச்சு. அளவு வளையங்களை மாட்டிப் பார்த்தோம். அந்த நேரம் பட்டறையில் என் பெண்டாட்டியின் தம்பி ஸ்ரீராம்குமாரும் இருந்தான். என்னிடம்தான் ஆறு வருஷமாக வேலை பார்க்கிறான். இரண்டு பேரும் ஒத்த வயதுக்காரர்கள், பேசிப் பழகிக்கொண்டார்கள். எனக்கும் பையனைப் பிடித்துத்தான் இருந்தது. வெட்கக்கேடு.

எட்டுக் காசையும் உருக்கிக் கம்பி இழுத்தேன். மூன்று சுற்றும் சுற்றி முடித்தபோது செல்லத்தாய் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை, வேலை இல்லை.

"அண்ணாச்சி, பிரிங்க. இது என் சக்கரம் இல்ல."

பார்த்தேன். என் கைப்பழக்கத்தில் நான் வலப்பக்கமாகச் சுற்றியிருந்தேன். அவள் மாதிரித் தாளில் சுருள் எதிர்ப்பக்கம் போயிருந்தது. "எந்தப் பக்கம் சுத்துனா என்னத்தா? பார்க்கிறவனுக்கு வித்தியாசம் தெரியவா போகுது?" என்றேன். "எனக்குத் தெரியும்ல" என்றாள். மூன்று சுற்றையும் பிரித்துக் கம்பியைக் காய்ச்சித் தட்டி நேராக்கி, பழக்கமில்லாத பக்கம் மறுபடி சுற்றினேன். முழுசாக ஒருநாள் போனது. முப்பது வருஷத் தொழிலில் அந்த மாதிரி ஒரு மோதிரத்தை நான் செய்ததில்லை. கூலி வாங்கிக்கொண்டேன், சேதாரம் கழிக்கவில்லை.

ஊர் மாரியம்மன் கோயில் முன்னால்தான் நிச்சயம். என்னையும் கூப்பிட்டு, முன் வரிசையில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார வைத்தார்கள். செல்லத்தாய் மோதிரத்தை அவன் விரலில் மாட்டினபோது, பெண்கள் கூட்டத்தில் யாரோ, "சக்கரத்துக்கு நெருப்பு வச்சுராதீகப்பா" என்று சொல்ல, கொல்லென்று சிரிப்பு. தை முடிந்து மாசியில் கல்யாணம் என்று நாள் குறித்தார்கள்.

கார்த்திகையில் விஷயம் வெடித்தது. ஜெயச்சந்திரனின் மாமா இரண்டு ஆட்களோடு வந்து வேலுச்சாமி வீட்டு நடுவில் மோதிரத்தைத் தூக்கிப் போட்டிருக்கிறார். கறுத்துப் போன மோதிரம். வெள்ளிக்கு முலாம் பூசி ஏமாற்றிவிட்டீர்கள், கந்தகம் காட்டிக் கொடுத்துவிட்டது, இந்தச் சம்பந்தம் வேண்டாம் என்று சத்தம். தெருவே கூடிவிட்டது.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. பரிசம் போட்ட பிறகு மாப்பிள்ளை வீட்டார் காரணம் இல்லாமல் விலகினால், ஊர்க்கூட்டத்தில் தப்பு அவர்கள் மேல் விழும். ஊர் அவர்களுக்கு அபராதம் போடும், நாலு பேர் காறித் துப்புவார்கள். பெண் வீட்டார் ஏமாற்றினார்கள் என்று ஆகிவிட்டால், மாப்பிள்ளை ராஜா மாதிரி நடந்து போகலாம். ஜெயச்சந்திரனுக்கு அந்தச் சமயம் விருதுநகரில் ஒரு இடம் வந்திருந்தது. ஏழெட்டு வேன் வைத்து ஓட்டுகிறவரின் மகள். கூலிக்கு வேன் ஓட்டினவன் முதலாளி ஆகலாம். அது எங்களுக்குப் பின்னால்தான் தெரிந்தது.

மறுநாள் காலையில் நான் கடை திறக்கும் முன்னாலேயே செல்லத்தாய் படியில் உட்கார்ந்திருந்தாள். அழுத முகம் இல்லை. கோபம்தான். மோதிரத்தை என் மேஜையில் வைத்தாள்.

"பாருங்க அண்ணாச்சி."

எடுத்தேன். வெள்ளிதான். மேலே மஞ்சள் தேய்ந்து திட்டுத் திட்டாகக் கறுத்திருந்தது. நான் வாயைத் திறக்கும் முன்னால் அவளே சொன்னாள்.

"நீங்க பண்ணதுன்னு நான் நெனைக்கல. சுத்தியிருக்கிற பக்கத்தைப் பாருங்க. இது சோத்துக்கைக்காரன் சுத்துனது. நம்ம மோதிரம் எங்கிட்டோ போயிருச்சு, இது அதைப் பார்த்துப் பண்ண போலி. கந்தகச் சாக்குக்குள்ள ஒரு நாள் போட்டா வெள்ளி கறுத்துரும்னு அவனுக்குத் தெரியாதா? எங்ககூடத்தான இருக்கான்."

"நேத்துக் கூடுன ஆளுககிட்ட நீ சொல்லலியாத்தா?"

"சொன்னேன். சிரிக்காக. கம்பி எந்தப் பக்கம் போனா என்னங்காக. நான் சொன்னா எடுபடாது அண்ணாச்சி. செஞ்ச நீங்க வந்து ஒரு வார்த்தை சொன்னாப் போதும். எட்டுக் காசும் உங்ககிட்டதான வாங்குனேன்? ஞாயித்துக்கிழமை சாயங்காலம் கூட்டம். வருவீகளா?"

"வராம? நானே வந்து சொல்றேன். அவனை உண்டு இல்லைன்னு ஆக்கிப்புடுறேன்" என்றேன். நெஞ்சைத் தொட்டுச் சொன்னேன். அந்த நிமிஷம் நான் நிஜமாகத்தான் சொன்னேன்.

"எனக்குக் கலியாணம் நடக்கலேன்னாலும் சரி. அவன் இனி வேணாம். ஏமாத்துனவன்னு பேரு மட்டும் வரக் கூடாது. நாளைக்கு ஆபீசுல எம்பக்கத்துல ஒருத்தி உக்காரணும்ல" என்றாள். மோதிரத்தை என்னிடமே விட்டுவிட்டு, "நல்லாப் பாத்து வைங்க" என்று சொல்லிப் போனாள். கீர்த்திகாவுக்கு வரன் முடிந்து தையில் நிச்சயம் வைத்திருப்பதைச் சொன்னேன். அந்த நிலையிலும் நின்று, "நல்லா இருக்கட்டும்" என்றாள்.

அவள் போனதும் மோதிரத்தை விளக்கொளியில் திருப்பினேன். உள்பக்கம் பற்றவைத்த இடத்தில் அரத்தால் குறுக்காக இரண்டு இழுப்பு இருந்தது. இந்த ஜில்லாவில் அப்படி இழுக்கிற பழக்கம் ஒருத்தனுக்குத்தான் உண்டு. ஆறு வருஷமாக நான் திட்டியும் மாறாத பழக்கம். அவன் நாலடி தள்ளி என் பட்டறையிலேயே உட்கார்ந்து ஊதுகுழலைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"ஸ்ரீராம், இங்கன வா."

வந்தான். மோதிரத்தைப் பார்த்ததும் அவன் முகம் செத்துப்போய்விட்டது. அடிக்கக் கை ஓங்கினேன். காலில் விழுந்துவிட்டான். நான் கீர்த்திகாவுக்கு மாப்பிள்ளை வீடு பார்க்கக் கோவில்பட்டிக்குப் போயிருந்த அன்றைக்கு, ஜெயச்சந்திரன் மோதிரத்தைக் கழற்றிக்கொண்டு வந்திருக்கிறான்.

"ஸ்டேரிங் பிடிச்சு மோதிரம் தேயுது, அதே மாதிரி வெள்ளியில ஒண்ணு முலாம் பூசிக் குடுன்னாரு, அத்தான். தங்கத்தை என்ன பண்ணன்னு கேட்டேன். உருக்கி ஜிமிக்கி பண்ணிக் குடு, செல்லத்தாய்க்குத்தான், கலியாணத்துக்கு எடுத்துக் குடுத்து அசத்தப் போறேன், அவகிட்டயும் உங்க அத்தான்கிட்டயும் மூச்சு விடாதன்னாரு. நம்பிட்டேன்."

"நம்புனியா? இல்ல, தனியா ஏதும் வாங்குனியா?"

தலை குனிந்தபடி நின்றான். அதுவே பதில்தான். செல்லத்தாயின் எட்டுத் தீபாவளியை என் பட்டறையில், என் அடுப்பில், என் மச்சினன் உருக்கி, விருதுநகர்ப் பெண்ணுக்கு ஜிமிக்கி செய்து கொடுத்திருக்கிறான். முதலில் எனக்கு வந்தது அவள் நினைப்புத்தான். இரண்டாவதாக வந்தது என் கடை. அந்த வரிசை அன்று சாயங்காலத்துக்குள் மாறிவிட்டது.

மாற்றினது என் பெண்டாட்டி பொன்னுத்தங்கம். நான் அவள் மேல் முழுப் பழியும் போடவில்லை. அவள் சொன்னது எல்லாம் எனக்குள்ளும் இருந்ததுதான்.

"போய்ச் சொல்லுங்க. கனகசபாபதி பட்டறையில குடுத்த தங்கம் வெள்ளியாத் திரும்பும்னு ஊரெல்லாம் பேசட்டும். நாளைக்கு ஒருத்தி ஒரு பொட்டுத் தங்கம் கொண்டாந்து தருவாளா? கோவில்பட்டிக்காரங்களுக்கு இந்தச் சேதி போனா தையில நிச்சயம் நடக்குமா? எந்தம்பி ஜெயிலுக்குப் போவான். அந்தப் பிள்ளைக்கு நிச்சயம் நின்னா நின்னதுதான். அதுக்காக நம்ம பிள்ளைக்கும் நிக்கணுமா?"

கீர்த்திகா அடுப்படிக் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். நான் ஏதாவது ஒரு வழி யோசித்துக்கொண்டே இருந்தேன். ஸ்ரீராம் பெயரைச் சொல்லாமல் மோதிரம் போலி என்று மட்டும் சொன்னால் என்ன? சொன்னால், போலியைச் செய்தது யார் என்று அடுத்த கேள்வி வரும். ஜெயச்சந்திரன் ஒரே வார்த்தையில் கையைக் காட்டிவிடுவான். அவனும் அதை யோசித்துத்தான் வைத்திருந்தான். சனிக்கிழமை ஸ்ரீராமைப் பார்த்து, "உங்க அத்தான் நல்லபடியாப் பேசுவாருல்ல?" என்று கேட்டுவிட்டுப் போயிருந்தான்.

ஞாயிற்றுக்கிழமை போனேன். போகாமல் இருந்திருக்கலாம். வயிற்று வலி என்று படுத்திருக்கலாம். ஆனால் நான் வராவிட்டால் செல்லத்தாய் கடைக்கு வந்துவிடுவாள் என்று பயம். அவள் ஒருத்தியின் முகத்தைத் தனியாகப் பார்ப்பதற்குப் பதில் நூறு பேர் நடுவில் பார்த்துவிடலாம் என்று பட்டது. என் துணிச்சல் அவ்வளவுதான்.

நிச்சயம் நடந்த அதே கோயில் முன்னால் கூட்டம். ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். நான் வருவதைப் பார்த்ததும் வேலுச்சாமி எழுந்து ஓடிவந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். "வந்துட்டாக, வந்துட்டாக" என்று சுற்றியிருந்தவர்களிடம் சொன்னார். பெண்கள் வரிசையில் செல்லத்தாய் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் அவள் தோள் தளர்ந்து இறங்கியது. நாலு நாளாக இறுக்கிப் பிடித்திருந்த மூச்சை விட்டாள் என்று தெரிந்தது.

நான் கொண்டுபோயிருந்த மோதிரத்தை ஊர்த்தலைவர் வாங்கிப் பார்த்துவிட்டு என்னிடமே திருப்பி நீட்டினார்.

"ஆசாரியாரே, இது நீங்க செஞ்சதுதானா?"

மோதிரத்தைப் பார்த்தேன். சுருள் வலப்பக்கம் போய்க்கொண்டிருந்தது.

"ஆமா" என்றேன். "நான் செஞ்சதுதான்."

செல்லத்தாய் எழுந்து நின்றுவிட்டாள். நான் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

"அப்ப வெள்ளி எப்படி வந்துச்சு? பொண்ணு வீட்டுல தங்கம் குடுத்தாகளா இல்லையா?"

"அவுக குடுத்ததைத்தான் செஞ்சேன்."

"முலாம் பூசச் சொன்னது?"

"அவுகதான்."

கூட்டத்தில் ஒரே இரைச்சல். ஜெயச்சந்திரன் தரையைப் பார்த்தபடி, ரொம்ப மனசு கஷ்டப்பட்டவன் மாதிரி நின்றான். வேலுச்சாமி என் முன்னால் வந்தார். அடிக்கத்தான் வருகிறார் என்று நினைத்தேன், அடித்திருந்தால் நன்றாயிருக்கும். அவர் இரண்டு கையையும் கூப்பினார்.

"பொய்யி. எம்மக எட்டு வருசமா இவுககிட்ட காசு வாங்கியிருக்கா. ஆத்தா முன்னாடி சூடம் அடிச்சுச் சொல்லட்டும். சொல்லிட்டா நான் ஒத்துக்கிடுதேன்."

எங்கள் பக்கம் இதுதான் கடைசி வார்த்தை. சூடத்தை ஏற்றி, எரிகிற தீயைக் கையால் அடித்து அணைத்துச் சத்தியம் செய்ய வேண்டும். பொய்ச் சத்தியம் செய்தவனை அம்மன் விட்டாலும் அவன் பிள்ளைகளை விடமாட்டாள் என்று நம்பிக்கை. பூசாரி தட்டில் கட்டிச் சூடத்தை வைத்துக் கொளுத்திக்கொண்டு வந்து என் முன்னால் நிறுத்தினார்.

நான் கையைத் தூக்கினேன். இதில் பூசி மெழுக எனக்கு ஒன்றும் இல்லை. கை தீக்கு மேலே வந்துவிட்டது. அடித்துத்தான் இருப்பேன்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு செல்லத்தாய் வந்தாள். தட்டுக்கு அந்தப் பக்கம் நின்றாள். எனக்கும் பூசாரிக்கும் மட்டும் கேட்கிற மாதிரி சொன்னாள்.

"கைய எடுங்க. கீர்த்திகாவுக்குத் தையில நிச்சயம்னீக. பொய்ச் சத்தியம் அந்தப் பிள்ளையத்தான் தேடிப் போகும். எனக்குக் காபி கொண்டாந்து குடுத்த பிள்ளை."

நான் கையை எடுக்காமல் நின்றேன்.

"உங்களுக்காகச் சொல்லல. எடுங்க" என்றாள்.

பிறகு கூட்டத்தைப் பார்த்துத் திரும்பி, குரலை உயர்த்தினாள். "அவுக சத்தியம் பண்ண வேணாம். முலாம் பூசச் சொன்னது நாந்தான். எங்கப்பாவுக்குத் தெரியாது. அவரை ஒண்ணும் சொல்லாதீக."

வேலுச்சாமி மகளைப் பார்த்தார். அவர் அவள் சொன்னதை நம்பிவிட்டார். அப்படியே கோயில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். அவள் அவரைத் தூக்கிவிடப் போனபோது, கையைத் தட்டிவிட்டார். அபராதம் அவர்கள் மேல் விழுந்தது. சூடம் தட்டிலேயே எரிந்து தீர்ந்தது.

மாசியில் ஜெயச்சந்திரனுக்கு விருதுநகரில் கல்யாணம் நடந்தது. பெண்ணின் காதில் ஜிமிக்கி நல்ல வேலைப்பாடு என்று பேசிக்கொண்டார்கள். ஸ்ரீராம்குமார் இப்போது கோயம்புத்தூரில் தனியாகப் பட்டறை போட்டிருக்கிறான். செல்லத்தாய் அதற்கப்புறம் எந்தத் தீபாவளிக்கும் காசு வாங்க வரவில்லை. அவளைப் பெண் கேட்டும் யாரும் வரவில்லை. வேலுச்சாமி மகளோடு பேசாமலேயே போன வருஷம் இறந்து போனார்.

கீர்த்திகாவின் நிச்சயம் தையில் குறித்த நாளில் ஒரு குறையும் இல்லாமல் நடந்தது. பந்தி முடிந்து நான் சாப்பிடப் பிடிக்காமல் உட்கார்ந்திருந்தபோது, பொன்னுத்தங்கம் இலையில் பாயசத்தை ஊற்றிக்கொண்டே சொன்னாள்: "எதுக்கு மூஞ்சியத் தொங்கப் போட்டிருக்கீக? நீங்க என்ன சூடமா அடிச்சீக? சத்தியம் பண்ணல, அதனால அது பொய்ல சேராது." என் வீட்டில் எல்லாரும் இன்றைக்கு வரைக்கும் அதையேதான் சொல்கிறார்கள். நானும் அதைக் கேட்டுக்கொண்டுதான் மூன்று வேளையும் சாப்பிடுகிறேன்.